கொக்கியில் தொங்கிய பித்தளை வில்லை

லார்கோனிக்ஸ் கம்பெனி ரூய் மெடெய்ரோஸை இதுவரை நான்கு முறை வேலையை விட்டு நீக்கியிருந்தது. அதனால் அதன் தலைமை அலுவலக வாசலில் நின்றபோது, பழைய மாமனார் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது அவனுக்கு.

"பாஸ், முன்கூட்டியே சொல்லிடறேன். நான் இந்தக் கம்பெனி வாசலை மிதிச்சா யாருக்காவது வேலை போயிடும். பெரும்பாலும் எனக்கு."

"உன் வேலை என்கிட்ட இருக்கு. இன்னிக்குப் போகப் போறது வேற ஒருத்தர் வேலை," என்றாள் டெல்ஃபின் க்ராவெல். "அதைத் தடுக்கத்தான் வந்திருக்கோம். தொப்பியை எடு."

டெல்ஃபின் பல வருடங்கள் பெரிய துணிக்கடை ஒன்றில் திருடர்களைப் பிடித்தவள். அகலமான உடம்பு. ஆனால் நடந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. இப்போது பக்கத்து ஊரான பாட்டக்கெட்டில் ஒரு பேக்கரிக்கு மாடியில் சொந்தத் துப்பறியும் நிலையம். ரூய் அதன் உதவியாளன், ஓட்டுநர், மழை ஒழுகினால் வாளி வைப்பவன்.

பிராவிடென்ஸ் நகரத்தின் அந்த உயரமான கட்டடத்தில் தரைத்தளம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். எந்தக் கம்பெனியை வாங்கி விழுங்கினாலும் அதிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து இங்கே வைப்பது லார்கோனிக்ஸின் வழக்கம். வேட்டைக்காரன் வீட்டுச் சுவரில் மான் தலைகளை மாட்டுவதுபோல. ஒரு பெட்டியில் போர் விமானியின் இருக்கை. அடுத்ததில் கோல்ஃப் வண்டியின் சக்கரம். பக்கத்தில் பியானோவின் மூன்று கட்டைகள். அதற்கும் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் விளக்கு, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே முட்டை இல்லை.

"பியானோ, கோல்ஃப் வண்டி, ஹெலிகாப்டர், உறைஞ்ச சிப்பி மீன்," என்று ரூய் ஒவ்வொரு பெட்டியாகக் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தான். "நாலு இடத்துலயும் என்னை நிறுத்தினாங்க. என்னையும் ஒரு பெட்டியில வச்சிருக்கலாம்."

நடுப்பெட்டியின் முன்னால் ஃபிலோமினா ஃபுர்டாடோ நின்றிருந்தாள். இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். கையில் துடைக்கும் துணி. அழுத கண், ஆனால் துடைப்பதை நிறுத்தவில்லை. ரூயின் சர்ச்சில் இரண்டு வரிசை முன்னால் உட்காருபவள். காலையில் போன் செய்தது அவள்தான்.

"வந்துட்டியா தம்பி. பாரு, சுத்தியலைக் காணோம்."

பெட்டிக்குள் ஒரு பலகை. பலகையில் ஒரு கொக்கி. அதில் வழக்கமாகத் தொங்குவது ஒரு மரச்சுத்தியல். அந்தக் காலத்தில் யூஸ்டஸ் லார்கின் என்பவர் ஒரே ஒரு பின்னல் இயந்திரத்தை வைத்து ஷூ லேஸ் ஆலை தொடங்கியபோது, அதன் ஆப்புகளைத் தட்டி இறுக்கிய சுத்தியல். இன்று இயக்குநர் கூட்டத்தில் தலைவர் மேசையில் தட்டுவது அதை வைத்துத்தான்.

"அது மேசைல விழுந்தாதான் தீர்மானம் செல்லும்," என்றாள் ஃபிலோமினா. "லார்கின் அப்படிச் சட்டம் பண்ணிட்டுப் போயிட்டார். அதை மாத்தணும்னாலும் அந்தச் சுத்தியல்தான் விழணுமாம். வக்கீலுங்க மூணு தடவை பாத்துட்டு விட்டுட்டாங்க."

"இன்னிக்கு என்ன தீர்மானம்?"

"பழைய லேஸ் ஆலையை மூடறது. என் தங்கச்சி அங்கதான் வேலை பாக்கறா. பெட்டிச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அப்ப நான்தான் எடுத்தேன்னு ஆயிடுச்சு."

"எடுத்தீங்களா?"

"எடுத்திருந்தா உங்களை ஏன்மா கூப்பிடறேன்?"

டெல்ஃபின் தலையாட்டினாள். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மாடிப்படியில் இருந்து ஒருவன் இறங்கி வந்தான். நியூயார்க்கிலிருந்து வந்த துணைத் தலைவர் ஸ்ட்ராட்டன். சட்டைக் கழுத்து அவனைப் பிடித்து நிறுத்தியிருப்பதுபோல விறைப்பு.

"துப்பறியறவங்களா? நல்லா அறிங்க. நாலு மணிக்குக் கூட்டம். அந்த நிலத்துக்கு பாஸ்டன்காரங்க சொன்ன விலை இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். கூட்டம் ஆரம்பிக்கறப்ப சுத்தியல் இல்லைன்னா போலீஸைக் கூப்பிடுவேன். இந்தம்மாவுக்கு வேலையும் இருக்காது."

"சார், கொக்கியில ஏதோ தொங்குதே?" என்றாள் டெல்ஃபின்.

சுத்தியல் இருந்த இடத்தில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. முட்டை வடிவம். ஒரு ஓட்டை. பத்தொன்பது என்ற எண்.

"அது காட்சிக்கு வச்சது," என்றான் ஸ்ட்ராட்டன்.

"இல்லைங்க. நேத்து வரைக்கும் இது இங்க இல்ல," என்றாள் ஃபிலோமினா. "காலைலேர்ந்து சொல்றேன்."

ரூய் பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். ஒரு விரலால் கீலின் ஊசியைத் தட்டினான். ஊசி பணிவாக வெளியே வந்து அவன் உள்ளங்கையில் படுத்தது. கண்ணாடி மூடி, பூட்டோடு சேர்ந்து, கையோடு வந்தது.

"பெட்டி நம்ம பியானோ ஃபேக்டரில செஞ்சது பாஸ். பியானோ மூடிக்குப் போடற கீல். இதுக்குச் சாவி வேணாம். நகம் இருந்தாப் போதும்."

"அப்ப பியானோ ஆலைக்காரன்தான் திருடன்," என்றான் ஸ்ட்ராட்டன்.

"அந்த ஃபேக்டரியை நீங்க இழுத்து மூடிட்டீங்க சார். நான் கூடவே இருந்தேன். வெளியே."

டெல்ஃபின் வில்லையைக் கைக்குட்டையில் எடுத்தாள். ரூய் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"என்னடா?"

"டோக்கன் பாஸ். எந்த ஃபேக்டரியிலயும் டூல் ரூம்ல இதான் பழக்கம். கொக்கியிலேர்ந்து ஸ்பேனரை எடுத்தா, அந்த இடத்துல உன் நம்பர் டோக்கனை மாட்டணும். யார்கிட்ட இருக்குன்னு தெரியணும் இல்ல? திருப்பிக் கொடுத்தா டோக்கன் உன் கைக்கு வந்துடும். நம்மாளு திருடிட்டு, ஒழுங்கா டோக்கன் மாட்டிட்டுப் போயிருக்கான்!"

"யோசிச்சு மாட்டியிருந்தா அவன் முட்டாள்," என்றாள் டெல்ஃபின். "யோசிக்காம மாட்டியிருந்தா, அது வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை. எந்த ஃபேக்டரி டோக்கன் இது?"

"முட்டை வடிவம் லேஸ் ஆலையோடது. ஹெலிகாப்டருக்கு முக்கோணம். கோல்ஃப் வண்டிக்கு வட்டம். எல்லாத்தையும் வாங்கினாங்க, எதையும் ஒண்ணா ஆக்கல."

லிஃப்ட் திறந்தது. கம்பெனித் தலைவர் அமாசா டெக்ஸ்டர் வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர், உயரம், நரைத்த புருவம். கோட்டின் பைகளைத் தட்டிப் பார்த்தார். உள்பையில் கைவிட்டார். கால்சட்டைப் பையையும் தடவினார். பிறகு எதற்காக இறங்கினோம் என்று மறந்தவர்போல மறுபடி லிஃப்டுக்குள் போய்விட்டார்.

"பெரியவர் இன்னொரு கம்பெனியைத் தேடறார் போல," என்றான் ரூய்.

வாசலில் நின்று டெல்ஃபின் ஃபிலோமினாவிடம் ஒன்று கேட்டாள். "உங்க வேலைக்குப் பேர் என்னம்மா? கண்காட்சிக் காப்பாளரா?"

"அப்படி ஒரு பேர் அவங்ககிட்ட இல்லைம்மா. ஃபேக்டரில இருக்கற பேருங்க மட்டும்தான். அதனால சம்பளச் சீட்டுல 'டூல் ரூம் பொறுப்பாளர்'னு போட்டுட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா ஒரே ஒரு டூல்."

*

லேஸ் ஆலை இருக்கும் பாட்டக்கெட்டுக்குப் போகும் வழியில் டெல்ஃபின் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தக் கம்பெனிக்கும் ஆகாயத்துக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது, சொல்லு," என்றாள்.

"ரொம்ப நேர் வழி பாஸ். லார்கின் ஷூ லேஸ் பின்னினார். முதல் உலகச் சண்டைல ராணுவ பூட்ஸுக்கு லேஸ். ரெண்டாவது சண்டைல அதே மெஷின்ல பாராசூட் கயிறு. கயிறு இருக்கே, பாராசூட்டையும் தைப்போம்னாங்க. பாராசூட் இருக்கே, அதுல கட்டி ஆளை வெளியே தூக்கி எறிய ஒரு சீட் வேணாமான்னாங்க. சீட் இருக்கே, அதை வைக்க ஒரு பிளேன் வேணாமா?"

"பியானோ?"

"அங்கதான் கயிறு அறுந்துடுச்சு. பிளேன்ல வந்த காசை என்ன பண்றதுன்னு தெரியல. கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கினாங்க. அப்புறம் நியூயார்க்லேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து லார்கோனிக்ஸ்னு பேர் வச்சாங்க. அதுக்கு அர்த்தம் எதுவும் இல்ல. அதுக்காகத்தான் அவ்வளவு செலவு."

"சிப்பி மீன்?"

"அது டெக்ஸ்டர் சாப்பிட்டுப் பார்த்து நல்லாயிருக்குன்னு வாங்கினதுன்னு பேச்சு. நல்லாத்தான் இருந்தது."

*

ஆற்றோரம் இருந்த செங்கல் ஆலைக்குள் நூற்றுக்கணக்கான பின்னல் இயந்திரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. கருவி அறைக்குக் கம்பிவலை போட்ட ஜன்னல். உள்ளே ஆல்ஃபெஜ் ரோண்டோ உட்கார்ந்திருந்தார். உலகத்தில் யாரும் எதையும் ஒழுங்காகத் திருப்பித் தருவதில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அவர்களுக்கு முன்னால் ஒரு மீசைக்காரர் ஜன்னலில் ஒரு இடுக்கியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஷிஃப்ட் முடியறப்ப வரவேண்டியது," என்றார் ஆல்ஃபெஜ்.

"மறந்து பையோட வீட்டுக்குப் போயிட்டேன்யா. இந்தா, டோக்கனைக் கொடு. அப்படியே இடுக்கியையும் திருப்பிக் கொடு, மெஷின் நிக்குது."

ஆல்ஃபெஜ் டோக்கனைக் கொடுத்தார். இடுக்கியை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் போட்டார். "நாளைக்குக் காலைல."

"மெஷின் நிக்குதுன்றேன்!"

"நிக்கட்டும். லேட்டா வந்த டூல் பரிசோதனைக்குப் போகும். அன்னிக்கே வெளியே போகாது. வெளியே என்ன பண்ணினே, எங்க விரிசல் விட்டுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு விரிசல் இடுக்கி, ஒரு பிஞ்ச கயிறு, மேலேர்ந்து ஒரு பையன் விழுவான். டோநட் எங்க?"

மீசைக்காரர் முனகிக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். லேட்டாகக் கொண்டுவந்தால் டூல் ரூமுக்கு டோநட். அது அபராதம்.

"இது ஒண்ணுதான் பாஸ், எல்லா ஃபேக்டரிக்கும் பொதுவான சட்டம்," என்று ரூய் டெல்ஃபினின் காதில் கத்தினான். "பியானோவுல கூட. ஹெலிகாப்டர்ல ஒரு நாள் ஒரு ஸ்பேனர் தொலைஞ்சு மத்தியானம்தான் கிடைச்சுது. மறுநாள் வரைக்கும் மொத்த லைனும் படுத்துடுச்சு. கம்பெனி எனக்குக் கொடுத்த ஒரே லீவு."

டெல்ஃபின் வில்லையை ஜன்னலில் வைத்தாள். ஆல்ஃபெஜ் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இருக்கக்கூடாதே."

"இருக்கே," என்றான் ரூய்.

"அதான் சொல்றேன். இங்க இப்ப சிவப்பு பிளாஸ்டிக். ரெண்டாவது சண்டைல பித்தளை வேணும்னு கவர்மெண்ட் கேட்டப்ப, இந்த ஆலையில இருந்த ஒவ்வொரு டோக்கனையும் வாங்கி உருக்கக் கொடுத்துட்டோம். நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு வாங்கினேன். என் மச்சான் ஒளிச்சு வச்சான், அவன் செருப்புக்குள்ளேர்ந்து எடுத்தேன்."

"இதை மட்டும் விட்டுட்டீங்க."

"நான் விடமாட்டேன்." ரொம்ப எளிமையாகச் சொன்னார். டோநட்டை எடுத்துக் கடித்துக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

*

வண்டிக்குள் உட்கார்ந்து இருவரும் சிப்பி வடை தின்றார்கள். டெல்ஃபின் ஒரு கையில் காபிப் பால் பாட்டில், இன்னொரு கையில் வில்லை.

"முடிஞ்சுது பாஸ். இல்லாத டோக்கன், இல்லாத ஆள். பேய்தான் எடுத்திருக்கு. போலீஸ்ல சொன்னா ஃபிலோமினா அக்காவோட நம்மளையும் உள்ள வைப்பாங்க."

"ஆல்ஃபெஜ் எல்லார்கிட்டயும் வாங்கினார், இல்லியா?"

"மச்சானோட செருப்பு வரைக்கும்."

"அப்ப இது அவர் கைக்கு எட்டாத இடத்துல இருந்திருக்கணும். அந்தச் சமயத்துல இதோட ஆள் ஆலைத் தரையில இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"செத்திருப்பார்."

"இதைத் தடவிப் பார்." அவள் வில்லையை அவன் கையில் வைத்தாள். வழவழவென்று, தங்கம்போல மின்னியது. ஓரமெல்லாம் தேய்ந்து, எண்ணின் ஒரு பக்கம் பாதி அழிந்திருந்தது. "பெட்டிக்குள்ள கிடந்த பித்தளை கறுத்துப்போகும். இது தினம் தினம் ஒருத்தர் பையில, சாவிக்கொத்தோட உரசி, விரல்ல உருண்ட பித்தளை. செத்தவருக்குப் பை கிடையாது."

ரூய் வடையை மென்றான். "ஆலையை விட்டுப் போனார். ஆனா டோக்கனை விடல."

"ஆலைத் தரையை விட்டுத்தான் போனார். கம்பெனியை விட்டுன்னு நான் சொல்லல. நேத்து அதை மாட்டினது அவருக்கே தெரியாது. கை மாட்டிடுச்சு. இன்னிக்குக் காலைலேர்ந்து அதைக் காணோம்னு தேடிட்டிருப்பார். வண்டியை எடு, நாலு மணிக்குப் போகணும்."

பாதிப் பாலத்தில் ரூய் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தான்.

"பாஸ்! லிஃப்ட்!"

"காபிப் பாலைக் கொட்டிட்டே," என்றாள் டெல்ஃபின்.

*

மேல்மாடிக் கூட்ட அறையில் இயக்குநர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் டெக்ஸ்டர். சுவரோரம் ஃபிலோமினா, நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். போலீஸ்காரர்களோடு போவதென்றாலும் துடைக்கும் துணியோடு போகக்கூடாது என்று நினைத்திருப்பாள். ஸ்ட்ராட்டனின் கை டெலிபோன்மேல் இருந்தது.

"சுத்தியல் கிடைச்சுதா?"

"இல்ல சார்," என்றாள் டெல்ஃபின். "வேற ஒண்ணு கிடைச்சுது. யாரோ தொலைச்சுட்டாங்க. உரியவர்கிட்ட கொடுக்கலாம்னு வந்தேன்."

வில்லையை மேசையில் வைத்துச் சுண்டினாள். அது சுழன்றுகொண்டே பளபளப்பான மரத்தின்மேல் நீளமாக ஓடி, தலைப்பக்கத்தில் தள்ளாடி விழுந்தது.

டெக்ஸ்டரின் கை தானாகவே நீண்டு அதை மூடிக்கொண்டது. பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

விரல்களைத் திறந்து வில்லையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க இருந்தது?" என்றார் மெதுவாக.

"சுத்தியல் தொங்கின கொக்கியில."

அவர் முகம் நெற்றிவரை சிவந்தது. பதினாறு வயதில் அந்த முதல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட பையனாகச் சேர்ந்தவர் அவர். அந்த இயந்திரம் இப்போதும் அந்த ஆலையில்தான் ஓடுகிறது.

"மாட்டினேனா நான்?"

"ஒழுங்கா மாட்டியிருந்தீங்க," என்றான் ரூய்.

"டெக்ஸ்டர், இது என்ன கூத்து?" என்றான் ஸ்ட்ராட்டன்.

"நேரா 'மூடாதே'ன்னு சொல்ல எனக்குத் துணிச்சல் வரல, ஸ்ட்ராட்டன். கணக்கெல்லாம் உங்க பக்கம். ஒரு நாள் தள்ளிப்போனா பாஸ்டன்காரங்க போயிடுவாங்கன்னு நினைச்சேன். சுத்தியலைக் காணோம்னா யார் என்ன செய்ய முடியும்னு நினைச்சேன்."

"யாரை என்ன செய்வாங்கன்னு நினைக்கல," என்றாள் டெல்ஃபின். சுவரோரம் பார்த்தாள்.

டெக்ஸ்டரும் பார்த்தார். நல்ல உடுப்பையும், கையில் இறுகப் பிடித்திருந்த கைப்பையையும் பார்த்தார். ஏன் நிற்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். சிப்பி மீன் அட்டைப் பெட்டி ஒன்றோடு திரும்பினார். அதற்குள் சுத்தியல்.

மேசையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு இயக்குநரின் முதுகுக்குப் பின்னாலும் நடந்து, ஃபிலோமினாவின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஷிஃப்ட் முடிஞ்சும் திருப்பாம வச்சிருந்தேன். தப்பு என்னோடது. உங்களோடது ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் கேக்குதா? ஒண்ணும் இல்ல."

ஃபிலோமினா சுத்தியலை வாங்கினாள்.

"சரி, கிடைச்சுடுச்சு," என்றான் ஸ்ட்ராட்டன், போனை வைத்துவிட்டு. "அவர்கிட்ட கொடும்மா. ஆரம்பிக்கலாம். இன்னும் நேரம் இருக்கு."

ஃபிலோமினா சுத்தியலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தலையை விரலால் தட்டிக் கேட்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். லேட்டா வந்த டூல்."

"என்னது?"

"பரிசோதனைக்குப் போகணும். இன்னிக்கே வெளியே கொடுக்க முடியாது. நாளைக்குக் காலைல வாங்க."

ஸ்ட்ராட்டன் இயக்குநர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு ஆலையில் தொடங்கி மேலே வந்தவர்கள்.

"அது டூல் ரூம் சட்டம்! இந்தம்மா தூசி துடைக்கறவங்க!"

"சம்பளச் சீட்டைப் பாருங்க சார்," என்றான் ரூய். "நீங்கதான் கையெழுத்துப் போடறீங்க."

ஸ்ட்ராட்டன் தலைவர் பக்கம் திரும்பினான். "டெக்ஸ்டர், நீங்க சொல்லுங்க!"

டெக்ஸ்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வில்லையைக் கோட்டுப் பைக்குள் போட்டார். சாவிக்கொத்தோடு அது மோதும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து இல்லாத ஒரு சௌகரியம் அவர் தோளில் வந்தது.

"எல்லா ஆலையிலயும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான், ஸ்ட்ராட்டன். அதுக்காக ஒரு ஹெலிகாப்டர் லைனையே ஒரு நாள் படுக்க வச்சிருக்கேன். லேஸ் ஆலையை மூடறதுக்காக மட்டும் தளர்த்தினா நல்லாயிருக்காது." மணி அடித்துச் செயலாளரைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும் டோநட் வாங்கிட்டு வரச் சொல்லு. என் செலவு."

*

பாஸ்டன்காரர்கள் ஐந்து மணிக்குப் போன் செய்து, வேறு நிலம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ராட்டன் அதைக் கேட்டுவிட்டு டோநட் தின்னாமலே போனான். அவன் பங்கு ரூயிடம் இருந்தது.

கீழ்த்தளத்தில் ஃபிலோமினா சுத்தியலைக் கொக்கியில் மாட்டினாள். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். ரூய் மூடியைப் பொருத்தி, கீலின் ஊசியைச் செருகினான்.

"பெரியவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார் பாஸ். ஹெலிகாப்டர்ல வேலை தரேன்றார். வேணாம்னுட்டேன். அஞ்சாவது தடவை நீக்கினா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க."

"இந்த ஊசியை நல்லா உள்ள இறக்கிடு தம்பி," என்றாள் ஃபிலோமினா. "இனிமே யார் நகத்துக்கும் வரக்கூடாது. நாலு தட்டுத் தட்டு."

"எதால தட்டறது அக்கா?"

கூடம் முழுக்கக் கண்ணாடி. விமானி இருக்கை, சக்கரம், பியானோக் கட்டை, விளக்கு. மூன்று பேரும் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரின் பார்வையும் ஒரே கொக்கியில் போய் நின்றது.

ரூய் கையை நீட்டினான். ஃபிலோமினா துணியால் அவன் விரலில் ஒரு அடி போட்டாள்.

"நாளைக்குக் காலைல," என்றாள்.